டீச்சர் தூங்கிய வண்டி

பாட்டை நிறுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினாள் பாப்பா. வேனின் கடைசி வரிசையில் நீட்டிப் படுத்திருந்த தம்பிக்கு அது புரியவில்லை. என்னக்கா என்றான். அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்து, பக்கத்து சீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“அம்மா தூங்குறாங்க.”

தம்பி போனில் ஓடிய பாட்டை அணைத்தான். இடுப்பு வலியை மறந்து எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு முன் வரிசையில் இருந்த பாப்பாவின் கணவர், ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்ததால் கழுத்தை முழுசாகத் திருப்பி, இன்னொரு கண்ணால் பார்த்தார். நிஜம்தான். சீட்டை நன்றாகப் பின்னால் சாய்த்து, கைகளை மடியில் கோத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

மற்ற வீடுகளில் இதை ஒரு சேதியாகவே யாரும் மதிக்கமாட்டார்கள். பகலில் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறிய எந்த அம்மாதான் தூங்கமாட்டார். ஆனால் இந்த அம்மா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தியவர். ஆணாக இருந்தால் மாஸ்டர் என்றிருப்பார்கள், பெண்ணாக இருந்ததால் ஊருக்கே டீச்சர். பழகும் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் இருக்கும் டீச்சர் காலடியில் இன்னொரு பிரேக். அடுத்தவர் செய்யப்போகும் தப்பை ஒரு நொடி முன்னால் தன் பாதத்தில் உணர்ந்தே அவர் ஆயுசு போயிருந்தது.

அதனால் ஓடுகிற வண்டியில் டீச்சர் தூங்கியதே கிடையாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தெரிகிற சீட்டாகப் பார்த்து உட்காருவார். கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வேனில் மொத்தச் சொந்தமும் வாயைப் பிளந்து தூங்க, இவர் மட்டும் டிரைவரின் பிடரியை முறைத்தபடி வருவார். ரயிலில்கூட முழித்தே இருந்தார். கேட்டால், ஓட்டுகிறவன் யாரென்று கண்ணால் பார்க்காமல் எப்படித் தூங்குவது என்பார். இந்தப் பயணத்துக்காக விமானம் ஏறியபோது, விமானி நேற்று ஒழுங்காகத் தூங்கினாரா என்று பணிப்பெண்ணிடம் கேட்டு மானத்தை வாங்கினார்.

அந்த டீச்சர்தான் இப்போது தூங்குகிறார். ஓட்டுவது யார்? பாப்பா. பாப்பாவுக்குப் பெருமையில் காதெல்லாம் சூடானது.

பாப்பாவின் கதையைச் சொன்னால்தான் அந்தச் சூடு புரியும். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து, நரம்பு தேடி, வலிக்காமல் ஊசி குத்துகிறவள். கை நடுங்காது. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கை, கால், தாடை எல்லாம் ஆடும். சின்ன வயதில் அழுது, சண்டை போட்டு, கடைசியில் அடுத்த தெருவில் இருந்த போட்டிப் பள்ளியில் பணம் கட்டிக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள். ஹோட்டல்காரர் மகள் எதிர்க்கடையில் சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஊர் சிரித்தது. டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மகள் ஓட்டும் வண்டியில் அதன்பிறகு ஏறவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துவிடும்.

இந்தப் பயணம் டீச்சரின் ஆசை. போன வருஷம் இதயம் மக்கர் பண்ண, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டதிட்டம் என்றால் டீச்சருக்கு உயிர். அன்றைக்கே பள்ளியைப் பழைய மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, ஓட்டத்தானே கூடாது, உட்கார்ந்து போகலாம் இல்லையா என்று டாக்டரிடம் கேட்டார். போகலாம் என்றார். அப்படியானால் வெளிநாட்டு ரோட்டை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஊர் பார்க்க இல்லை, ரோடு பார்க்க. அருவிக்குக் கூட்டிப்போனால் அருவியைப் பார்க்காமல், இத்தனை வண்டியை எவ்வளவு அழகாக நிறுத்தியிருக்கிறார்கள் என்பார். பள்ளத்தாக்கைப் பார்த்து எல்லோரும் படம் எடுக்க, இவர் மட்டும் திரும்பி நின்று, வளைவில் எதிர்வண்டி தெரிவதற்காக நட்டிருந்த குண்டுக் கண்ணாடியைப் படம் எடுத்தார். ஒரு கடற்கரையில் தொடங்கி, நாட்டின் குறுக்கே இன்னொரு கடற்கரை வரைக்கும் தம்பியும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி ஓட்டுவதாக ஏற்பாடு. தம்பி ஓட்டினால் டீச்சர் இல்லாத பிரேக்கைத் தேடி, கால்மிதியை மிதித்தே தேய்ப்பார். இந்த வண்டிக்கு ஹாரன் ஒன்றுதான் வேலை செய்யுதா என்று கேட்பார்.

பயணம் முடிகிற சமயத்தில்தான் சனி பிடித்தது. பெட்டியைத் தூக்கும்போது தம்பிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் ஜன்னலைத் திறந்து ஓட்டிய மாப்பிள்ளையின் கண்ணில் ஏதோ பூச்சி அடித்து, வீங்கி, கட்டுப் போட வேண்டியதாகிவிட்டது. மிஞ்சியது பாப்பா. வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். டீச்சருக்குப் பின்னால் அப்பா. அவர் தையல்காரர். ஊரில் டீச்சரால் ஓட்டக் கற்றுத்தர முடியாத ஒரே ஆள் என்று அவருக்கு ஒரு கௌரவம் உண்டு.

முதல் நாள் மலை ரோடு. டீச்சரின் கால் சும்மா இருக்கவில்லை, வாயும்தான். அப்படி இறுக்காதே, அது என்ன மாட்டு மூக்கணாங்கயிறா என்றார். கண்ணாடி பார் என்றார். பார்த்தால், அதையே பார்த்துக்கொண்டு இருக்காதே என்றார். பாப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் இறங்கி ஓடவும் முடியாது, அடுத்த தெருவில் வேறு பள்ளியும் இல்லை. ஓட்டினாள். சாயங்காலம் தங்குமிடத்தில் இறங்கியபோது முதுகு நனைந்திருந்தது.

மறுநாள் காலையில் டீச்சரின் பேச்சு குறைந்தது. மலை இறக்கத்தில் பாப்பா ஓரக்கண்ணால் கீழே பார்த்தாள். அம்மாவின் கால் அசையவில்லை. கொஞ்ச நேரம் போனதும் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, அது என்ன பூ, மஞ்சளாக, வரிசையாக என்று கேட்டார். டீச்சர் ரோட்டை விட்டுவிட்டுப் பூவைப் பார்ப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

சமவெளி வந்தது. பாட்டை அணைத்த பிறகு வேனுக்குள் டயர் சத்தம் மட்டும்தான். விளிம்பு வரை பால் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவள் மாதிரி பாப்பா ஓட்டினாள். டீ குடிக்க நிறுத்த வேண்டிய இடம் வந்தது. நிறுத்தினால் முழித்துவிடுவார் என்று நிறுத்தாமல் தாண்டினாள். ஒரு பெரிய பாலம், அதற்கப்புறம் ஒரு பால் பண்ணை, அதற்கப்புறம் காய்ந்த வயல்கள். தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையைச் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்ரோல் போட நின்றபோதுதான் எழுப்பப் போனாள். கதவைத் திறந்து, அம்மா டீ சாப்பிடலாமா என்றபடி மணிக்கட்டைப் பிடித்தாள். எத்தனையோ கைகளைப் பிடித்துப் பழகிய விரல். அதற்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை அம்மா என்று கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வெள்ளையாக, வாசனை எதுவும் இல்லாமல் இருந்தது. டாக்டர் இளம் பெண். இதயம் நின்றிருக்கிறது, வலி இருந்திருக்காது என்றார். எப்போது என்று பாப்பா கேட்டாள். கொஞ்ச நேரம் முன்னாலேயே இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது என்றார். பாப்பா அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள். பதில் மாறவில்லை.

நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அழுது முகம் ஊதியிருந்தது.

“அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. நான்தான் ஓட்டினேன்னு ஊருக்குச் சொல்லிடறேன்.”

“எதுக்கு?”

“நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஓட்டத் தெரியாதவகிட்ட வண்டியைக் குடுத்தாங்க, அந்தப் பயத்துலயே போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு வாய் கூசாம சொல்லுவாங்க. நீ தாங்கமாட்ட. என்னைச் சொன்னா எனக்கு உறைக்காது.”

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“அது தூக்கமான்னே யாருக்குத் தெரியும். மயக்கமாக்கூட இருந்திருக்கும். அம்மாவாவது, வண்டியில தூங்கறதாவது.”

அதுதான் பாப்பாவைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியும். அம்மா போய்விட்டார், அது ஒரு துக்கம். ஆனால் இது வேறு. அம்மா தன்னை நம்பிக் கண்ணை மூடினாரா, இல்லை, உயிர் போய்க்கொண்டிருந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூங்குகிறார் என்று பல்லை இளித்துக்கொண்டு ஓட்டினாளா? கைநாடி பார்க்கத் தெரிந்தவள், ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கக்கூடாதா? சரி, உன் இஷ்டம் என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனான்.

அப்பா வாயே திறக்கவில்லை. அழவும் இல்லை. எழுந்து நடந்தபோது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். பயந்துபோய் நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் கையால் வேண்டாம் என்று ஒதுக்கினார்.

அங்கிருந்து விமான நிலையம் இருந்த ஊருக்கு அரை நாள் ஓட்டம். டீச்சரை ஒரு கறுப்பு வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் போக வேண்டும், வேனையும் அங்கேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டுகிற சீட்டில் தம்பி ஏறிப் பார்த்தான். பாதி உட்காரும்போதே ஐயோ என்று இறங்கிவிட்டான். எல்லோரும் பாப்பாவைப் பார்த்தார்கள். அவள் வேனைவிட்டுத் தள்ளி நின்றாள்.

“என்னால ஆகாது,” என்றாள்.

அப்பா தன் பழைய இடத்திலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். முன் சீட்டு டீச்சர் சாய்த்தபடியே கிடந்தது. மாப்பிள்ளை அதை நிமிர்த்தக் கையை வைத்தார்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை,” என்றார் அப்பா. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. பிறகு மகளைக் கூப்பிட்டு, பேண்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டினார். இரண்டு முட்டியும் கன்றிப்போயிருந்தன.

“என்னப்பா இது?”

“மலை இறங்கினதும் சீட்டைச் சாய்ச்சா. நேரா முட்டியில வந்து இடிச்சுது. கால் வலிக்குதும்மான்னு சொன்னேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க, எனக்குத் தூக்கம் வருதுன்னா.”

பாப்பா வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டிருக்கவில்லை.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து வண்டியில அவ அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. எனக்கு ஒரே ஆச்சரியம். காலை இழுத்தா சீட்டு ஆடும், முழிச்சிக்குவான்னு அப்படியே இருந்துட்டேன்.”

“நிஜமாவே தூங்கினாங்களாப்பா? மயக்கம் இல்லயே?”

“அவளோட எத்தனை வருஷம் படுத்து எழுந்திருக்கேன், தூக்கம் எது மயக்கம் எதுன்னு தெரியாதா. தூங்கினா உதட்டைக் குவிச்சு புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விடுவா. பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் கேட்கும். தலை என் மடிகிட்ட இருந்துச்சு. அந்தப் பெரிய பாலம் வரைக்கும் விட்டுக்கிட்டே வந்தா.”

“அப்புறம்?”

அப்பா சுருட்டிய பேண்ட்டை முட்டிக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

“அப்புறம் நானும் தூங்கிட்டேன்மா. அவ்வளவு அலுங்காம ஓட்டினே.”

பாப்பா அங்கேயே, வேன் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முன்னால் போய் ஏறினாள். கறுப்பு வண்டிக்குப் பின்னால் போதுமான இடைவெளி விட்டு, கடல் தெரிகிற வரைக்கும் ஓட்டினாள். கை நடுங்கவில்லை.

அவர்கள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே தம்பியின் போன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, டீச்சரின் கால்மாட்டில் உட்கார்ந்து, பெற்ற மகன் வண்டியிலேயே கண்ணை மூடின புண்ணியவதி என்று அழுதுகொண்டிருந்தார். வந்தவர்களெல்லாம் தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். பாப்பா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி தனக்காகச் சொன்ன பொய், அதைப் பத்துப் பேர் முன்னால் எப்படி உடைப்பது? உடைக்காமலும் இருக்க முடியவில்லை. தன் நகையை வேறு யாரோ போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

வாசலில் டீச்சரிடம் வண்டி பழகியவர்கள் கூட்டம். ஊரில் சக்கரம் வைத்த எதையாவது ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், ஆம்புலன்ஸ்காரர், ரொட்டி வண்டிக்காரர். நடுவில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தண்ணீர் லாரி ஓட்டும் அக்கா. டீச்சரிடம் திட்டு வாங்கியதில் தனக்குத்தான் முதலிடம் என்று எப்போதும் சொல்லிக்கொள்கிறவர். டீச்சரின் கடைசி வண்டியை யார் ஓட்டுவது என்று காலையிலிருந்தே அவர்களுக்குள் தகராறு. ஆளாளுக்கு எனக்குத்தான் உரிமை என்றார்கள். சாவி லாரி அக்காவின் கையில் இருந்தது, அதனால் அவர்தான் ஜெயிப்பார் போலிருந்தது.

தம்பி வெளியே வந்ததும் அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, டீச்சர் தூக்கத்துலயே போனாங்கன்னு சொல்றாங்களே. வண்டி ஓடறப்பவா?”

“ஆமாக்கா.”

“நீ ஓட்டி?”

“ஆமா.”

“நீ ஓட்டி டீச்சர் தூங்கினாங்க.” அவர் மெதுவாகச் சொன்னார். “யார்கிட்ட விடறே கதை?”

சாவு வீடு என்றும் பார்க்காமல் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். தம்பி கழுத்தைச் சொறிந்தான். பாப்பாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நிலைப்படி தாண்டி வெளியே வந்தாள்.

“நான்தான் ஓட்டினேன்.”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டினான். ஆமாம், அக்காதான், அவளை யாரும் எதுவும் சொல்லிவிடக்கூடாதே என்று நான்தான் அப்படிச் சொன்னேன் என்றான்.

லாரி அக்கா அவனை விட்டுவிட்டு பாப்பாவிடம் வந்தார்.

“சீட்டைச் சாய்ச்சாங்களா?”

“சாய்ச்சாங்க.”

“அவங்களாவே?”

“அவங்களாவே. தூக்கம் வருதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு.”

லாரி அக்காவின் முகம் கோணியது. அதுவரை அவர் அழவில்லை.

“என் வண்டியில எத்தனை தடவை வந்திருப்பாங்க,” என்றார். “ஒரு தடவை கண்ணை மூடினதில்லயே.”

சேதி வாசலிலிருந்து தெருவுக்குப் போனது. டீச்சர் தூங்கினாங்களாம், மக ஓட்டினப்போ. காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். ரொட்டி வண்டிக்காரர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து பாப்பா எதிரில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். துக்கம் விசாரிக்கிற பார்வை இல்லை அது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது. உள்ளே அத்தை அழுகையை நிறுத்தி, யாரிடமோ விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெற்ற மகள் வண்டியிலே என்று மாற்றித் தொடர்ந்தார்.

டீச்சரை வெளியே எடுத்து வந்து வண்டியில் வைத்தார்கள். சாவியோடு லாரி அக்கா ஓட்டுகிற பக்கம் போனார். கதவைத் திறந்தார். ஆனால் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்து, சாவியை நீட்டினார்.

“வா பாப்பா. இது உன் வண்டி.”

காலையிலிருந்து தகராறு பண்ணியவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அப்பா தாங்கித் தாங்கி நடந்து வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். பாப்பா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரி செய்தாள், கிளப்பினாள். வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் நகர்ந்தது.

போக்குவரத்தைத் தெருமுனையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரில் ஒரு சைக்கிள்கூட இல்லை. இருந்தாலும் திரும்புவதற்கு முன் பாப்பா சிக்னல் போட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது, பின்னால் தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், ரொட்டி வண்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, தெருக்கோடி வரைக்கும், அதே பக்கம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வந்தன.